கழுவினா கார் வேகமா ஓடுமா?

வருஷக் கணக்கு முடிக்கிற வேலையில ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியல. இப்போ கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசுல அரிச்சிட்டிருந்த ஒரு சமாச்சாரத்தை இன்னைக்கு இறக்கி வச்சிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்து எடுத்துட்டு வந்து உட்காருங்க.

இங்க துபாய்ல சனிக்கிழமை ராத்திரி நாலு தமிழ்க் குடும்பம் சாப்பாட்டுக்குக் கூடினா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். ஹால்ல நாம தங்கம் விலை, ஊர்ல பிளாட் விலைன்னு அளந்துட்டு இருப்போம். உள் ரூம்ல பசங்க கிரான் டூரிஸ்மோ ஆடுவாங்க. கொஞ்ச நாளா அந்த ரூம்ல ஒரே பஞ்சாயத்து. ரேஸுக்கு முன்னாடி காரைக் கழுவினா வேகம் கூடுமா கூடாதா?

ஒரு கோஷ்டி, "தூசி இருந்தா காத்து இழுக்கும், அதனால வாஷ் பண்ணா ஸ்பீடு ஏறும்"னு சத்தியம் பண்ணுது. இன்னொரு கோஷ்டி, "போடா, ஹார்ஸ்பவர் நம்பரைப் பாரு, ஒண்ணுமே மாறல. வாஷ் சுத்த வேஸ்ட்"ங்குது. நடுவுல ஏதாவது ஒரு அப்பா தலையை நீட்டி, "கேமே வேஸ்ட்டு, இதுல கழுவினா என்ன, கழுவாட்டி என்ன"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் பிரியாணிக்குப் போயிடுவார்.

முதல் கோஷ்டிக்குத் தகவல் தப்பு. ரெண்டாவது கோஷ்டிக்குத் தகவல் சரி, அதை வச்சு எடுத்த முடிவு தப்பு. மூணாவதா வந்த அப்பாவுக்கு ரெண்டுமே தப்பு. இந்தப் பதிவு முக்கியமா அவருக்குத்தான் :-)

முதல்ல கேம் கணக்கு

பல அப்பாம்மாக்களுக்கு இது என்ன விளையாட்டுன்னே தெரியாது. கிரான் டூரிஸ்மோ, சோனியோட பிளேஸ்டேஷன் விளையாட்டு. கசுனோரி யமாவுச்சிங்கற ஜப்பான்காரர் தலைமையில பாலிஃபோனி டிஜிட்டல்ங்கற கம்பெனி பண்றாங்க. முதல் பாகம் 1997 டிசம்பர்ல ஜப்பான்ல வந்தது. 1999ல வந்த ரெண்டாம் பாகத்துலயே கார் கழுவுற வசதி இருந்தது. அப்புறம் வந்த பாகங்கள்ல ஆயில் மாத்தறதும் சேர்ந்தது. 2022 மார்ச் 4ல வந்த ஏழாம் பாகத்துல இதுக்குன்னே ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கு. கழுவலாம், ஆயில் மாத்தலாம், இன்ஜினைப் பிரிச்சு மேய்ஞ்சு ஓவர்ஹால் பண்ணலாம், ஓடி ஓடித் தளர்ந்து போன பாடியோட விறைப்பைத் திரும்பக் கொண்டு வரலாம். இது ஒவ்வொண்ணுக்கும் கேமுக்குள்ள சம்பாதிச்ச கிரெடிட்ல காசு கட்டணும்.

எது வேகத்தைக் கூட்டும்? ஓட ஓட ஆயில் கெட்டுப் போகும், குதிரைசக்தி கொஞ்சம் இறங்கும். மாத்தினா ஏறும். இன்ஜின் ஓவர்ஹாலும் அப்படித்தான். பாடி விறைப்பைச் சரி பண்ணினா வளைவுகள்ல கார் சொன்ன பேச்சு கேட்கும். கழுவினா? பளபளன்னு இருக்கும், அவ்வளவுதான். ஸ்கிரீன்ல காரோட மொத்தத் திறனைக் காட்டுற ஒரு எண் இருக்கு. கழுவறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதைப் பாருங்க. அசையாது.

பஞ்சாயத்து இத்தோட முடிஞ்சது. ஆனா, 'தூசி இருந்தா காத்து இழுக்கும்'னு சொன்ன பொடியனை யாரும் கிண்டல் பண்ணாதீங்க. அவன் யோசனையில விஷயம் இருக்கு. மித் பஸ்டர்ஸ் டிவி நிகழ்ச்சியில 2009ல இதையே சோதிச்சாங்க. சேறு பூசின காரு ஒரு காலன் பெட்ரோலுக்கு 24 மைல், அதே காரைக் கழுவினப்புறம் 26 மைல். அது அப்பிக் கிடந்த சேறு, நம்ம வண்டி மேல இருக்கிற தூசி இல்ல. ஆனாலும் காத்துக்கு மேல்பரப்பு முக்கியம்ங்கறது உண்மைதான். எடை இன்னும் முக்கியம். 2022ல ஃபார்முலா ஒன் டீம்கள் சில, எடையைக் குறைக்க கார்ல பெயிண்டையே அங்கங்க சுரண்டிட்டு கறுப்பு கார்பன் தெரிய ஓட்டினாங்க. பெயிண்டோட எடைக்கே அந்தக் கவலைன்னா சேத்தோட எடையைப் பத்திப் பையன் யோசிச்சதுல என்ன தப்பு? கேம்ல அந்தக் கணக்கை வைக்கல, அவ்வளவுதான்.

கேம் சொல்ற பொய்

இப்போ ரெண்டாவது கோஷ்டி. "நம்பர் மாறல, அதனால வேஸ்ட்". இந்த 'அதனால' இருக்கே, அதுலதான் எனக்குச் சண்டை.

நான் திருப்பதியில பி.காம் படிச்சவன். முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒண்ணு உண்டு. இருக்கிற சொத்தோட திறனைக் கூட்டுறதுக்குப் பண்ற செலவு கேபிடல் எக்ஸ்பெண்டிச்சர். இருக்கிற திறனை அப்படியே காப்பாத்தறதுக்குப் பண்ற செலவு ரெவென்யூ எக்ஸ்பெண்டிச்சர். லாரிக்குப் பெரிய இன்ஜின் மாத்தினா முதல் வகை. ஆயில் மாத்தினா ரெண்டாவது வகை. ரெண்டையும் குழப்பினா பரீட்சையில முட்டை, வேலையில மெமோ.

கிரான் டூரிஸ்மோவோட பழைய பாகங்கள் இதைத்தான் குழப்புச்சு. ஷோரூம்லேருந்து அப்பதான் வாங்கின புத்தம் புது காருக்கு ஆயில் மாத்தினா குதிரைசக்தி கூடும்! நிஜத்துல எந்த மெக்கானிக்கிட்ட கேட்டாலும் சிரிப்பார். ஆயிலோட வேலை உரசலைக் குறைக்கறது, சூட்டை எடுத்துட்டுப் போறது, உள்ள சேர்ற கசடைத் தன்கிட்ட பிடிச்சு வச்சுக்கறது. அது பழசானா இந்த வேலையெல்லாம் சரியா நடக்காது, இன்ஜின் தேயும். புது ஆயில் அந்தத் தேய்மானத்தைத் தள்ளிப் போடும். கம்பெனி கொடுத்த சக்திக்கு மேல ஒரு குதிரையைக்கூடக் கொண்டு வந்து கட்டாது.

விளையாட்டுதானே, இதுக்கு ஏன் இவ்வளவு சூடுன்னு கேட்பீங்க. இதே குழப்பம் நம்ம ஹால்லயும் ஓடுதுங்க. "வண்டியை சர்வீஸ் விட்டேன், இத்தனை திர்ஹம் தண்டம், ஓட்டிப் பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியல, ஏமாத்துறாங்க"ன்னு எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கோம்? சில இடத்துல ஏமாத்தவும் செய்வாங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா 'வித்தியாசம் தெரியல'ங்கறது ஏமாத்தினதுக்கு சாட்சி ஆகாது. ஒழுங்கா பராமரிக்கிற வண்டியில வித்தியாசம் தெரியக் கூடாது. நேத்து ஓடின மாதிரி இன்னைக்கும் ஓடணும். ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குத்தான் அந்தக் காசு.

பையன் கேம்ல கத்துக்கிட்டதும் அப்பா ஹால்ல பேசறதும் ஒரே பாடம். செலவு பண்ணின உடனே ஒரு நம்பர் ஏறணும், ஏறலேன்னா வேஸ்ட்.

பாகாலா ஏரிக்கரையில ஒரு பாடம்

புதுசா படிக்க வர்றவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊர் பாகாலா. காட்பாடியிலேருந்து திருப்பதி போற ரயில் பாதையில, தர்மாவரம் பாதை பிரியற ஜங்ஷன். இப்போ திருப்பதி மாவட்டம், முன்னாடி சித்தூர். தெருவுல தெலுங்கு, வீட்ல தமிழ்னு வளர்ந்த கூட்டம் நாங்க. எங்க மாமா ஒருத்தர் லாரி டிரைவர். சித்தூர் வெல்லம், மாம்பழம், புளின்னு எந்த லோடும் அடிப்பார்.

லோடு இறக்கிட்டு வந்தா மாமா வண்டியை ஏரிக்கரைக்கு விடுவார். கிளீனர் பையன் பக்கெட்ல தண்ணி மொண்டு மொண்டு ஊத்துவான். ஆனா துணியை மட்டும் மாமா அவன்கிட்ட கொடுக்க மாட்டார். அவரே சக்கரம் சக்கரமாத் துடைப்பார். ஏன் மாமான்னு கேட்டா, "கழுவறது அவன் வேலை, பார்க்கறது என் வேலை"ம்பார். துடைக்கிற சாக்குல டயர்ல கல்லு குத்தியிருக்கா, பட்டாவுல விரிசல் விட்டிருக்கா, அடியில எங்கேயாவது ஆயில் கசிஞ்சு மண்ணு அப்பியிருக்கா, வீல் நட்டு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு கை தடவிக்கிட்டே போகும். அழுக்கு மூடியிருந்தா விரிசல் தெரியாது. அதுக்காகத்தான் கழுவறது. சாமிக்கு எலுமிச்சம்பழம் வைக்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

கழுவறதுக்கு உண்மையான பலன் இதுதான். அது ஒரு இன்ஸ்பெக்‌ஷன். வங்கிக் கிளையில பணத்தை எண்ணினா பணம் கூடாது. எண்ணறது வேஸ்ட்னு எந்த மேனேஜராவது சொல்வாரா?

குளிர் நாட்டுல இருக்கிறவங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. டொராண்டோ பக்கம் பனிக்காலத்துல ரோட்ல உப்பைக் கொட்டுறாங்க. அந்த உப்பு வண்டியோட அடிப்பக்கம் ஒட்டிக்கிட்டு இரும்பை அரிக்கும். அங்க அடியில தண்ணி அடிச்சுக் கழுவறது அழகுக்குப் பண்றது இல்ல, ஆயில் மாத்தற மாதிரி அதுவும் பராமரிப்புதான். இங்க துபாய்ல உப்பு இல்ல, ஆனா ஊருக்கு லீவுல போறப்ப அழுக்கு வண்டியைப் பொது இடத்துல விட்டுட்டுப் போனா 500 திர்ஹம் அபராதம்னு முனிசிபாலிட்டி 2019லேயே சொல்லிடுச்சு. கேம்ல அந்த அபராதமும் கிடையாது.

திருமலை இறக்கத்துல ஜெயிக்கிறது யாரு?

அந்த ஒர்க்‌ஷாப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்க. கழுவல், ஆயில், இன்ஜின், பாடி. அதுல ஒண்ணு இல்ல. பிரேக்! பிரேக் பேடு தேய்ஞ்சதா, பிரேக் ஆயில் பழசாச்சான்னு யாரும் கேட்கறதில்ல. வேகத்தைக் கூட்டறதுக்கெல்லாம் இடம் இருக்கு. நிறுத்தறதைப் பராமரிக்க இடம் இல்ல.

எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரத்துல உலகத்துலயே வித்தியாசமான ஒரு ரோடு இருக்கு. திருமலை மலைப்பாதை. அங்க ஏறும்போது 28 நிமிஷத்துக்குக் குறைவாவும், இறங்கும்போது 40 நிமிஷத்துக்குக் குறைவாவும் வரக் கூடாதுன்னு தேவஸ்தானம் விதி வச்சிருக்கு. சீக்கிரம் வந்தவனுக்கு அபராதம். அதாவது முதல்ல வர்றவன் தோத்துப் போற ரேஸ் :-) இறங்கற பாதை 1944ல திறந்த பழைய ரோடு. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஏறும். பிரேக் ஆயில் காத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா ஈரத்தை இழுத்துக்கும். பழசாக ஆக அது கொதிக்கிற சூடு இறங்கிக்கிட்டே போகும். மலை இறக்கத்துல அது கொதிச்சா உள்ள ஆவிக் குமிழ் உண்டாகி, பெடல் கால்ல வெண்ணெய் மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது. அதனாலதான் சின்ன கியர்ல இறங்குன்னு பெரியவங்க சொல்றது. அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அந்த ஆயிலை மாத்தச் சொல்றது. மாத்தின அன்னைக்கு ஒரு குதிரைசக்தியும் ஏறாது. நிறைய வண்டிகள்ல எந்த மீட்டர்லயும் தெரியாது.

இது சாமானியன் வண்டிக்கு மட்டும் இல்ல. நம்ம அஜித் குமார் கதை எல்லா வீட்டுப் பசங்களுக்கும் தெரியும். 2025 ஜனவரியில இங்க துபாய் ஆட்டோட்ரோம்ல 24 மணி நேரப் பந்தயம். பந்தயத்துக்குச் சில நாள் முன்னாடி பயிற்சியில அவர் ஓட்டின கார் தடுப்புல மோதிச் சுழன்ற வீடியோவை நாம எல்லாருமே பதறிப் போய்ப் பார்த்தோம். பிரேக் செயலிழந்ததுதான் காரணம்னு அவர் தரப்புல சொன்னாங்க. நல்லவேளை, அவருக்கு ஒண்ணும் ஆகல. அந்த வாரக் கடைசியிலேயே அவரோட டீம் 992 பிரிவுல மூணாவது இடம் பிடிச்சது. அவ்வளவு மெக்கானிக்குகள், அவ்வளவு கருவிகள், ஒவ்வொரு போல்ட்டையும் பார்க்க ஒரு ஆள்னு இருக்கிற பந்தய டீமுக்கே பிரேக் கைவிடும்னா, மூணு வருஷமா பானெட்டையே தூக்காத நாம எந்தத் தைரியத்துல குடும்பத்தோட மலை ஏறுறோம்?

பசங்க அந்த வீடியோவைப் பத்துத் தரம் பார்த்தாங்க. அதைச் சாக்கா வச்சு பிரேக்குக்கும் பராமரிப்பு உண்டுன்னு எத்தனை அப்பா சொல்லிக் கொடுத்தோம்?

இப்போ அப்பாக்களுக்கு

'கேமே வேஸ்ட்'னு சொல்ற நண்பர்களே, உங்களை ஒண்ணு கேட்கறேன். உங்க வண்டிக்குக் கடைசியா எப்போ பிரேக் ஆயில் மாத்தினீங்க? டயர் எந்த வருஷம் செஞ்சது? டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும். 2321ன்னா 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். அஞ்சு வருஷம் தாண்டின டயரை இந்த ஊர் சட்டமே ஒத்துக்காது. ஜூலை வெயில்ல தார் ரோடு கொதிக்கிறப்ப பழைய டயர் என்ன ஆகும்னு ஷேக் சாயித் ரோட்டோரம் கிடக்கிற ரப்பர் துண்டுகளைக் கேளுங்க.

பதில் தெரியலேல்ல? உங்க பையனுக்குத் தெரியும். அவன் காருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஆயில் எப்படி இருக்கு, இன்ஜின் எப்படி இருக்கு, எல்லாம் விரல் நுனியில வச்சிருக்கான். சம்பாதிச்ச கிரெடிட் எல்லாத்தையும் புதுக் கார்ல போடாம, பழைய காருக்குக் கொஞ்சம் ஒதுக்கறான். தேய்மானம்னா என்னன்னு நான் காலேஜ்ல ஒரு வருஷம் படிச்சதை அவன் பத்து வயசுல ஆடிக் கத்துக்கிட்டான். ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரி வேற கார் கேம்கள்ல வண்டி மேல சேறு மட்டும்தான் படியும், ஆயிலும் கெடாது, இன்ஜினும் தேயாது. பின்லாந்துக்காரர் ஒருத்தர் பண்ணின மை சம்மர் கார்னு ஒண்ணு இருக்கு. அதுல போல்ட்டை ஒவ்வொண்ணா முடுக்கிக் காரைக் கட்டணும், சரியா முடுக்கலேன்னா நடு ரோட்ல கழண்டு விழும், வண்டியைக் கொண்டு போய் சோதனையில பாஸும் பண்ணணும். நம்ம ஆர்.டி.ஏ. டெஸ்ட்டேதான். இதையெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டி வேஸ்ட்னு வீசினா, பையன்கிட்ட பேசறதுக்கு இருக்கிற ஒரே கதவையும் நீங்களே சாத்திடறீங்க.

திட்டணும்னா திட்ட வேண்டிய இடம் வேற இருக்கு. கிரான் டூரிஸ்மோ ஏழுல கிரெடிட்டை நிஜக் காசு கொடுத்தும் வாங்கலாம். 2022 மார்ச்ல, கேம் வந்து ரெண்டே வாரத்துல, பல ரேஸ்களுக்குக் கொடுக்கிற பரிசை அவங்க குறைச்சாங்க. அதே சமயத்துல சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல படுத்துடுச்சு. உலகம் பூரா ஆடறவங்க கொதிச்சதுக்கு அப்புறம் யமாவுச்சி மன்னிப்புக் கேட்டு, ஆளுக்குப் பத்து லட்சம் கிரெடிட் கொடுத்தார். உழைச்சுச் சேர்க்கிறவனோட கூலியைக் குறைச்சிட்டு, பக்கத்துலயே கடையைத் திறந்து வச்சா அதுக்கு என்ன பேர்னு வங்கிக்காரனுக்குத் தெரியும். கிரெடிட் கார்டு நம்பரை அந்தப் பெட்டியில போட்டு வச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க. அங்க கோபப்படுங்க. பையன் ஆயில் மாத்தறப்ப கோபப்படாதீங்க.

பேஸ்மென்ட்ல ஒரு கண்

கடைசியா ஒண்ணு. இங்க நம்மள்ல முக்கால்வாசிப் பேர் காரை நாமே கழுவறதில்ல. விடியக்காலையில பேஸ்மென்ட்ல ஒருத்தர் பக்கெட்டும் துணியுமா வந்து மாசக் கணக்குல கழுவிட்டுப் போறார். எங்க பில்டிங்ல வர்றவர் கடப்பாக்காரர். தெலுங்கு பேசுவேன்கிறதால ரெண்டு வார்த்தை நின்னு பேசுவார். போன கோடையில ஒரு நாள் வழி மறிச்சு, "சார், பின் டயர் உள்பக்கம் வீங்கியிருக்கு, அபுதாபி பக்கம் போயிடாதீங்க"ன்னார். குனிஞ்சு பார்த்தேன். முட்டை மாதிரி புடைச்சிருந்தது. அன்னைக்கே மாத்தினேன்.

மாமா ஏரிக்கரையில பண்ணின வேலையை எனக்குத் தெரியாமயே இவர் எனக்காகப் பண்ணிட்டிருக்கார். அவர் கூலியில அஞ்சு திர்ஹம் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசறவங்களை நான் பார்த்திருக்கேன். "சும்மா தண்ணி ஊத்தித் துடைக்கறதுக்கு இவ்வளவா?"ன்னு. இதுவும் அந்த உள் ரூம் தர்க்கம்தான். வேகம் கூடலேன்னா வேஸ்ட்.

அதனால என் கட்சி இதுதான். கேம்ல கழுவினா வேகம் கூடாது. கூடணும்னு கேட்கவும் கேட்காதீங்க. ஒவ்வொரு நல்ல பழக்கத்துக்கும் ஒரு நம்பர் ஏறிக்கிட்டே இருந்தா, நம்பர் ஏறாத இடத்துல அந்தப் பழக்கம் நின்னு போயிடும். பையன் காரை ஆசைக்குக் கழுவறான்னா கழுவட்டும். அப்படியே இந்த வாரம் அவனைக் கீழே கூட்டிட்டுப் போய், கையில ஒரு ஈரத் துணியைக் கொடுத்து, நிஜ வண்டியோட நாலு சக்கரத்தையும் துடைக்கச் சொல்லுங்க. டயர் இலக்கத்தை அவனே படிக்கட்டும். ஆயில் குச்சியை அவனே உருவிப் பார்க்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு பக்கெட்டைப் பிடிச்சா போதும்.

டிஸ்கி 1: எனக்கு எந்த கேம் கம்பெனியும் காசு கொடுக்கல. கொடுத்தா அதை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதறதுன்னு எனக்குத் தெரியும்.

டிஸ்கி 2: "கிரெடிட்னா என்னப்பா, டெபிட் எங்கே?"ன்னு உங்க பையன் கேட்டா அவனை என்கிட்ட அனுப்புங்க. நம்ம ஜாதி :-)